‘உட்படுத்தப்படுவர்’ என்று எழுதினேன்

அந்தப் பேருந்து முக்கால் மணி நேரம் நின்றது.

கோவளத்தில் எங்கள் இறால் கொட்டகைக்கு முன்னால், மணலும் சாலையும் சேருகிற இடத்தில், இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருந்தார் டிரைவர். கம்பெனி வாடகைக்குப் பிடித்த வண்டி. வெயில் இன்னும் ஏறவில்லை. ஜன்னல் கம்பிகளில் உப்புக்காற்றின் ஈரம் ஒட்டியிருந்தது. நான் படிக்கட்டுக்குப் பக்கத்தில், கையில் பெயர்ப் பட்டியலுடன் நின்றிருந்தேன். பட்டியலில் அறுபதுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்கள். வண்டிக்குள் இரண்டு பேர்.

“இன்னாம்மா, ஆளயே காணோம்? ஊர்ல எதுனா சாவா?” என்றார் டிரைவர்.

“வருவாங்க அண்ணே. கொஞ்சம் இருங்க.”

யாரும் வரவில்லை. தோப்புப் பக்கம் சில புடவைத் தலைப்புகள் தெரிந்தன. சவுக்கு மரங்களுக்குப் பின்னால் நின்று எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை ஆட்டிக் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் அந்தத் தலைப்புகள் மறைந்துவிட்டன.

கடைசியில் டிரைவர் கியரைப் போட்டார். அறுபது பேருக்கான வண்டி எங்கள் மூன்று பேரோடு செங்கல்பட்டுக்குப் புறப்பட்டது.

இறால் வாசனை

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எந்த வருடம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் தட்டச்சுப் பரீட்சையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அது முடிந்த அடுத்த மழைக்காலத்தில் கிடைத்த வேலை.

என் அத்தா, அதாவது அப்பா, கோவளத்தில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். அவருக்கு மூச்சிழுப்பு நோய் வந்து பாதி நாள் கடை பூட்டியே கிடந்தது. வீட்டில் எனக்குப் பின்னால் மூன்று பேர். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் ஆபீஸ் வேலைக்குப் போனதில்லை. “நம்ம ஊருக்குள்ளதான, கூப்பிடு தூரம்” என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் என்னை அனுப்பிவைத்தாள்.

ஆபீஸ் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. நடுவில் கண்ணாடித் தடுப்பு, இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தமிழ்த் தட்டச்சுப் பொறி. அதை ஒட்டியிருந்த பெரிய ஓலைக் கொட்டகையில் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து இறால் உரிப்பார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை உருவி, அலுமினிய பேசினில் போடுவார்கள். பேசின் கணக்குக்குக் கூலி. உரித்த இறால் ஐஸ் பெட்டியில் ஏறி சென்னைத் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து எந்த நாட்டுக்குப் போகிறது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த வாசனை சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும். எலுமிச்சம் பழத்தோலைத் தேய்த்துக் குளித்தாலும் போகாது. பெண்களின் விரல் நுனிகள் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்து, அதில் இறால் முள் குத்திக் குத்திச் சிவந்து கிடக்கும்.

அவர்களில் எல்லாரும் இருந்தார்கள். மாதா கோவில் தெருப் பெண்கள், எங்கள் பள்ளிவாசல் தெருவிலிருந்து சில ஏழை வீட்டுப் பெண்கள், திருவிடந்தைப் பக்கத்துச் சேரியிலிருந்து நடந்து வருகிறவர்கள். சேரிப் பெண்கள் அதுவரை நாற்று நட்டுக் களை பறித்துப் பிழைத்தவர்கள். வருஷத்தில் பாதி நாள் வேலையிருக்காது. இறால் வந்த பிறகுதான் அந்த வீடுகளில் தினமும் அடுப்பு எரிந்தது.

அவர்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருந்தவர் ரோசம்மா. யாரும் நியமித்த தலைவி இல்லை. நாற்பது வயது இருக்கும். கட்டுமரத்தில் போன கணவர் திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அவர் கை வேகத்துக்குக் கொட்டகையில் ஈடு கிடையாது. அவர் எழுந்தால் மற்றவர்கள் எழுவார்கள், உட்கார்ந்தால் உட்காருவார்கள்.

கரையில் சேதி எப்படிப் போகும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கட்டுமரம் கரையேறினதும் ஒருவர் “எறா!” என்று கத்துவார். ஒரே ஒரு சொல். அடுப்பில் உலை கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு அத்தனை பெண்களும் ஓடிவருவார்கள். எங்கே, எதற்கு, யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை. நான் அதை ஒவ்வொரு நாளும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

என் தமிழ்

ஒருநாள் மேனேஜர் ராகவன் என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டுக்குப் போன சரக்கு சுத்தமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. இனிமேல் தரையில் குந்தி உரிப்பது கூடாது. செங்கல்பட்டு போகிற சாலையில் புதுக் கட்டடம் தயாராகிவிட்டது. வெள்ளை ஓடு பதித்த மேசை, குழாய்த் தண்ணீர், தலைக்குத் துணித் தொப்பி. நின்றபடி உரிக்க வேண்டும். அங்கே வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட அட்டை வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியே வண்டி விடும்.

ஆங்கிலத்தில் டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்து, “இதைத் தமிழ்ல போட்டு ஒட்டிடுங்க” என்றார்.

சின்னத் தாள். எட்டோ ஒன்பதோ வரிகள். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் மட்டும் படித்த எனக்கே அகராதி தேவைப்படவில்லை. அவ்வளவு எளிமையாக யாரோ எழுதியிருந்தார்கள்.

எனக்குத் தமிழில் ஒரு கர்வம் உண்டு. பள்ளியில் கட்டுரைப் போட்டியில் இரண்டு வருடம் முதல் பரிசு வாங்கினவள். ஒரு நோட்டீஸ் என்றால் நோட்டீஸ் மாதிரி இருக்க வேண்டாமா? தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டியிருப்பதைப் போல கனமாக, கம்பீரமாக. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். இன்றும் அது எனக்கு மனப்பாடம்.

“இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நிறுவனத்தின் புதிய ஆலையில் பணியமர விழையும் மகளிர் அனைவரும், மணமானோர் மணமாகாதோர் என்ற பேதமின்றி, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் உரிய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தப்படுவர். குறித்த நாளில் நிறுவனப் பேருந்தில் குடும்ப அட்டையுடன் வரவேண்டும். தவறுவோர் பின்னர் எவ்வித உரிமையும் கோர இயலாது.”

‘மணமானோர் மணமாகாதோர் என்ற பேதமின்றி’ என்பது ஆங்கிலத்தில் இல்லை. அதில் ‘எல்லாரும்’ என்று மட்டும்தான் இருந்தது. ஓசைக்காக நான் சேர்த்தேன். ஆங்கிலத்தில் இருந்த வரிகளில் பாதிக்கு மேல் விட்டும்விட்டேன். அவை வீட்டுப் பேச்சு மாதிரி இருந்தன, அறிவிப்புக்குப் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றியது.

மேனேஜர் தமிழ் மெதுவாகப் படிப்பார். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “பரவாயில்லையே, கவர்மென்ட் ஆர்டர் மாதிரி இருக்கே” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. “யாராவது கேட்டா இதுல இருக்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க. நாளைக்கு நாம வாக்கு கொடுத்தோம்னு வந்து நிப்பாங்க” என்றும் சொன்னார்.

நானே பசை தடவிக் கொட்டகைத் தூணில் ஒட்டினேன்.

வேனும் டீக்கடையும்

அந்த நாட்களில் ஊர் ஊராக ஒலிபெருக்கி கட்டிய வேன்கள் வரும். சினிமாவுக்கு வரும், தேர்தலுக்கு வரும், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் வரும். இலவசப் பேருந்து, முகாம், ஒரே நாளில் வீடு திரும்பலாம் என்று சொல்லிக்கொண்டே போகும். வடக்கே எங்கேயோ ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்கிறார்கள் என்ற பேச்சும் காற்றில் இருந்தது. எது உண்மை, எது கதை என்று எங்களுக்குத் தெரியாது. பயம் மட்டும் தெரியும்.

நான் நோட்டீஸ் ஒட்டிய அதே வாரத்தில் அப்படி ஒரு வேன் கோவளத்துக்கு வந்துபோனது.

கொட்டகைப் பெண்களில் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர். அவர்களும் என் தமிழில் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை. கடைசியில் டீக்கடைக்காரர் ஒருவர் வந்து தூணருகே நின்று உரக்கப் படித்தார். பேருந்து, பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணம் ஆனவங்க, ரேஷன் கார்டு. இந்த நான்கும் அவர்களுக்குப் புரிந்தன. மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

அன்று ரோசம்மாக்கா என் மேசை முன்னால் வந்து நின்றார். முழங்கை வரைக்கும் இறால் ஓட்டுத் துணுக்குகள்.

“ஹமீதா, இன்னா எழுதிகீது அதுல?”

“மருத்துவப் பரிசோதனைக்கா.”

“அப்டின்னா? இன்னா பண்ணுவாங்கோ?”

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

“நோட்டீஸ்ல இருக்கிறதுதான்க்கா” என்றேன்.

ரோசம்மாக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு திரும்பிப் போய்விட்டார்.

செல்லி கேட்டது

பேருந்து வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது செல்லி வழியில் நின்றிருந்தாள். திருவிடந்தைப் பக்கத்திலிருந்து வருகிற பெண். இருபது வயதுகூட இருக்காது. இடுப்பில் பெண் குழந்தை. அதற்கு அடுத்தது வயிற்றிலேயே கலைந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

“அக்கா, ஒன்னு கேக்கவா? எனுக்கு இது ஒன்னுதான் கீது. என்னியும் அறுத்துடுவாங்களா?”

“எதை அறுக்க?”

அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. “ஐயோ, அதில்லடி செல்லி. சும்மா டாக்டர் பாக்கிறதுதான்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

நேரே மாதா கோவில் தெருவுக்கு ஓடினேன். ரோசம்மாக்கா வாசலில் உட்கார்ந்து உலை வைக்க அரிசி களைந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் களைவதை நிறுத்தாமல் கேட்டார்.

“நீ சொல்றது நெசமாக்கூட இருக்கலாம்மா. நான் அன்னிக்கே வந்து கேட்டேன். நோட்டீசுல இருக்கிறதுதான்னு சொன்ன. இன்னிக்கு வந்து வேற சொல்ற. காயிதத்துல ஒன்னு, வாயில ஒன்னு. எத்த நம்பச் சொல்ற?”

“என்னை நம்புங்கக்கா. நான் உங்க ஊர்ப் பொண்ணு.”

“எனுக்கு இன்னா பயம்? நான் புருசன் இல்லாதவ, என்னை இன்னா பண்ணப் போறாங்கோ. ஆனா நான் ஏறுனா என் பின்னாடி அத்தினி பொண்ணுங்களும் ஏறும். அதுங்கள்ல ஒன்னுத்துக்கு எதுனா ஆச்சின்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிகினு இந்தத் தெருவுல நடக்குறது?”

அவரே ஒரு வழி சொன்னார்.

“ஒன்னு பண்ணு. ஆபரேசன் இல்லன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடு. மேனேசரு கையெழுத்து வாங்கிக்கினு வா.”

“அவர் மெட்ராஸ் போயிருக்கார்க்கா. காலையிலதான் வருவார்.”

“அப்ப நீ போடு கையெழுத்து. உங்கையெழுத்தே போதும். நான் அத்த வச்சி எல்லாரையும் இட்டாறேன்.”

அவர் பிள்ளையின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலோடு என் முன்னால் வைத்தார்.

இரண்டு வார்த்தைகள், ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. ‘ஒரு வார்த்தை மேல பேசாதீங்க’ என்றவர் எழுதிக் கொடுத்தால் விடுவாரா என்று நினைத்தேன். பூட்டிக் கிடக்கும் கடையை நினைத்தேன். அத்தாவின் இழுப்புச் சத்தத்தை நினைத்தேன். பென்சிலைத் தொடவேயில்லை.

“எழுத்தா தர எனக்கு அதிகாரம் இல்லக்கா. வாயால சத்தியமா சொல்றேன்” என்றேன்.

ரோசம்மாக்கா அந்தத் தாளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. “சரி, போய் வா. இருட்டப் போவுது” என்றார்.

செங்கல்பட்டில்

காலையில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏறிய இரண்டு பேரும் வயதானவர்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள். கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போனோம். வெற்று இருக்கைகள் குலுங்குகிற சத்தம் வழி முழுக்க இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். பெஞ்சுகள் போட்டு, தண்ணீர்ப் பானை வைத்து, எல்லாம் தயாராக இருந்தது. “அறுபது பேர்னு சொன்னாங்களே?” என்று வாசலை எட்டிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரண்டு கிழவிகளுக்கும் பரிசோதனை முடிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. மத்தியானத்துக்குள் கோவளம் திரும்பிவிட்டோம். அவர்கள் இறங்கியதும் சவுக்குத் தோப்பிலிருந்து பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். கிழவிகள் விரல் நுனியில் ஒட்டியிருந்த பஞ்சைக் காட்டிச் சிரித்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் ஆபீஸ் வாசலில் கூட்டம். எல்லார் கையிலும் ரேஷன் கார்டு. முன்னால் ரோசம்மாக்கா. கார்டை நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். செல்லி குழந்தையை இடுப்பு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் உள்ளே போய் மேனேஜரிடம் கெஞ்சினேன். “இன்னொரு நாள் வண்டி விடச் சொல்லுங்க சார். பயந்துட்டாங்க. தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க.”

“முடியாதும்மா. காலையிலேயே ஹெட் ஆபீசுக்குப் போன் பண்ணி, இங்க ஆள் வரலைன்னு சொல்லிட்டேன். வேற ஊர்லேர்ந்து ஒரு செட்டு ஆளுங்க ஏற்பாடு ஆயிடுச்சு. அவங்க அட்டையோடயே வர்றாங்க. அடுத்த வாரம் கட்டடம் பார்க்க வெள்ளைக்காரங்க வர்றாங்க, நான் என்ன செய்ய?”

“சார், அவங்களுக்கு நோட்டீஸ் புரியல சார்.”

அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “ஏன்? தமிழ்லதானே இருக்கு? நீங்கதானே எழுதினீங்க?”

வெளியே போய் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த முறை எளிமையாகத்தான் சொன்னேன். “இனிமே இங்க வேலை கிடையாது. அங்க உங்களுக்கு இடம் இல்ல.” ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

கொட்டகை இருந்த இடம்

பத்து நாளில் கொட்டகையைப் பிரித்தார்கள். ஓலையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தூண்கள் இருந்த இடத்தில் குழிகள் மட்டும் இருந்தன. நாய்கள் கொஞ்ச நாள் வந்து மணலைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போயின.

சிலர் உப்பளத்துக்குப் போனார்கள். சிலர் மாமல்லபுரத்தில் கல் சுமந்தார்கள். செல்லி கணவனோடு செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ செங்கல் சூளைக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஒருமுறை அவள் வீட்டைத் தேடிப் போனேன். கதவுக்குப் பதிலாக வைத்திருந்த தட்டி சாத்தி, கயிற்றால் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், “புள்ளைக்குச் சொகமில்லன்னு சொல்லிகினுதான் போச்சு. அப்பால ஒன்னும் தெர்ல” என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

நான் வேலையை விடவில்லை. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், விடவில்லை. புதுக் கட்டடத்தில் எனக்கு மின்விசிறிக்குக் கீழே மேசை கிடைத்தது. வெளியூர்ப் பெண்கள் வெள்ளைத் தொப்பியோடு வரிசையாக நின்று உரித்தார்கள். நல்ல பெண்கள்தான். அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? ஆனாலும் நான் அவர்களோடு நெருங்கிப் பழகவில்லை.

கோவளத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. அத்தா கடையில் மாதா கோவில் தெருக்காரர்கள் சாமான் வாங்குவதும் நிற்கவில்லை. தெருவில் நான் நடந்துபோனால் பேச்சு மட்டும் நின்றுவிடும். நான் தாண்டிப் போன பிறகு மறுபடி கேட்கும்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு

இரண்டு வருடம் கழிந்திருக்கும். அத்தாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். ரோசம்மாக்கா அங்கே மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தார். விடியும் முன் கோவளத்தில் மீன் எடுத்து, பஸ் மாறி வந்து, தெருத் தெருவாக விற்கிறார் என்று தெரியும். நேரில் பார்த்தது அன்றுதான். ஆள் பாதியாகியிருந்தார். கூடை சுமந்த வலிக்குக் கழுத்தில் ஏதோ பச்சிலை அரைத்துப் பூசியிருந்தார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“அக்கா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்” என்றேன். “அந்த நோட்டீஸை நான்தான் எழுதினேன்.”

“தெரியும். நீதான ஒட்டுன.”

“இல்லக்கா. கம்பெனி குடுத்த இங்கிலீஷ் தாள்ல அப்படி இல்ல. அது சுலபமாத்தான் இருந்தது. நான்தான் மாத்திட்டேன். நல்லா இருக்கணும்னு மாத்திட்டேன்.”

அவர் கூடைமேல் போட்டிருந்த ஈரச் சாக்கைச் சரிசெய்துகொண்டே, “அதுல இன்னா இருந்திச்சி? சொல்லு” என்றார்.

சொன்னேன். அந்த எட்டு ஒன்பது வரிகளையும், இரண்டு வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டின் இரைச்சலில்.

“புதுக் கட்டடத்துக்குப் போறோம். அங்க வேலைக்கு வர்றவங்க எல்லாரும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிக்கணும். கம்பெனி வண்டி வரும், ரேஷன் கார்டோட வாங்க. நெஞ்சைப் படம் எடுப்பாங்க. கையில புண்ணு இருக்கான்னு பாப்பாங்க. விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாங்க. வேற எதுவும் செய்ய மாட்டாங்க. பொம்பள டாக்டர்தான் பாப்பாங்க. மத்தியானம் வீட்டுக்கு வந்துடலாம். அன்னிக்குக் கூலி உண்டு. அன்னிக்கு வராதவங்களுக்கு அப்புறம் இடம் இருக்காது.”

ரோசம்மாக்கா கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும், இன்னும் ஏதோ இருக்கிறது என்பதுபோலக் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தார்.

“இவ்ளோதானா?” என்றார்.

“இவ்ளோதான்க்கா.”

முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கூடையைத் தூக்கிவிட நான் குனிந்தேன். அவர் வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாகப் போன, முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டார்.

“அண்ணாத்த, ஒரு கை புடி.”